சிங்க்குக்கு வெட்டிய துண்டு

வீடு குடிபுகுந்து பதினோராம் நாள்
மேடையில் ஒரு வளையம் கண்டேன்.
நல்லெண்ணெய்த் தூக்கு இருந்த இடம்.
ஈரத்துணி போட்டேன், காய்ந்த துணி போட்டேன்,
கடைசியில் நகத்தால் சுரண்டினேன்.
வளையம் அப்படியே இருந்தது.

வெள்ளைக் கல்தான் வேண்டுமென்று அடம்பிடித்தது நான்.
ஒத்தக்கடைக் கிடங்கில்
கறுப்பு, பச்சை, காப்பிக்கொட்டை நிறமெல்லாம்
வெயிலில் சாய்ந்து நிற்க,
இது ஒன்றில் மட்டும்
வரமிளகாயைக் கிள்ளிப் போட்டதுபோல்
கருஞ்சிவப்புப் புள்ளிகள்.
முதல் வாரம் அதில் ஒன்றைத்
தக்காளித் தோல் என்று நினைத்து
ஐந்து நிமிஷம் தேய்த்திருக்கிறேன்.
தவமணியிடம் இன்னும் சொல்லவில்லை.

கல் போட வந்த சேவுகன்
போகும்போது விரல் மடக்கிச் சொன்னார்:
எலுமிச்சம்பழம் பட்டா ஒடனே தொடைச்சிருங்கக்கா.
புளித்தண்ணியும் அப்படித்தான்.
ஆசிட்டு, பினாயிலு கிட்டயே வரக்கூடாது.
சோப்புத் தண்ணி போதும், அதுவும் கொஞ்சூண்டு.
குக்கரை அடுப்புல இருந்து நேரா எறக்காதீங்க,
அடியில பலகை வையுங்க.
தலையாட்டினேன்.
எலுமிச்சையும் புளியும் சிந்தாமல்
மதுரையில் என்ன சமைப்பது என்று
கேட்கத் தோன்றவில்லை அப்போது.

எண்ணெயை மட்டும் சொல்ல மறந்திருந்தார்.

போனில் கேட்டேன்.
ஒரு சொட்டுத் தண்ணி வச்சுப் பாருங்க, கால்மணி நேரம்.
தொடைச்ச பெறகு அடியில கறுத்திருந்தா
கல்லு குடிக்குதுன்னு அர்த்தம்.
வைத்தேன். முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.
காய்ச்சல் பார்க்கிற மாதிரி இருக்கே என்றார் தவமணி.
குடித்தது.
மலையாய் இருந்தபோது எத்தனை மழை குடித்ததோ,
பழக்கம் விடவில்லை.

அன்றிரவு சமையல் சோடாவைத்
தோசைமாவுப் பதத்தில் குழைத்து
வளையத்தின்மேல் அப்பி,
பால் கவரை விரித்து மூடி
நான்கு பக்கமும் டேப் ஒட்டினேன்.
வங்கிக்கு இன்னும் இருநூற்றுப் பதினேழு தவணை.
சுவர் அவர்களுடையது, கதவு அவர்களுடையது,
இந்தக் கறை மட்டும் முழுசாய் எங்களுடையது.
காலையில் முக்கால்வாசி போயிருந்தது.
மிச்சம் எனக்கு மட்டும் தெரியும்.

இப்போதெல்லாம் யாராவது டம்ளரைக் கீழே வைக்குமுன்
என் கை ஒரு தட்டை நீட்டிவிடுகிறது.
தவமணியின் அத்தாச்சி ஒருத்தி,
சாமி ரூம்பு இதுதானா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சீலர் பூச சேவுகன் வந்தார்.
கேட்க நினைத்திருந்ததைக் கேட்டேன்.

சிங்க்குக்காகக் கல்லில் ஓட்டை போட்ட அன்று
இமையெல்லாம் மாவு பூத்து நின்றவர்,
இந்தத் துண்டு வேணுமாக்கா என்றார்.
எடுத்துக்கோங்க என்றேன், பெரிய மனசோடு.
டியூப் ரப்பரால் டிவிஎஸ்ஸில் கட்டி
மேலூர் ரோட்டில் அவர் மறையும்வரை
உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன்:
மூன்று சதுர அடி. ஏறக்குறைய ஐந்நூறு ரூபாய்.
இதையும் தவமணியிடம் சொல்லவில்லை.

அதுவா, துவைக்கிற கல்லாப் போட்டாச்சுக்கா.
வழுக்காதா?
பாலீஷ் பக்கத்தை மண்ணுக்குக் குடுத்துட்டேன்.
சொரசொரப்புதானே துணிக்கு வேணும்.
சீலர்?
அவர் சிரித்த சிரிப்பில் பிரஷ் ஆடி
ஒரு கோடு சுவரில் ஏறியது.

அவர் போனபின்
மேடைக்கு அடியில் கைவிட்டுத் தடவினேன்.
பூனை நாக்கு மாதிரி இருந்தது.
போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால்
சிமெண்ட் பிசிறு, பென்சிலில் ஏதோ அளவு.
ஒருநாளும் துடைத்திராத பக்கம்.

இப்போது மழை.
மேலூர்ப் பக்கம் இன்னும் கனமாம்.
இங்கே நான் வைத்த சொட்டு
கொண்டைக்கடலை அளவில் உருண்டு நிற்கிறது,
இறங்க மாட்டேன் என்கிறது.
அங்கே அந்தத் துண்டு
யாரும் கடிகாரம் பார்க்காமல்
குடித்துக்கொண்டிருக்கும்.

மணி எட்டு. வெஞ்சனத்துக்கு வாழைக்காய் நறுக்க வேண்டும்.
அதன் கறையைப் பற்றி
அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.