சாய்ந்த கோடு

கிளாக்ஸ்விக் துறையில் நவம்பர்.
மூன்றரை மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
ரன்வாவின் மேசையில் ஒரு மீன்பண்ணையின் மூளை
திறந்து கிடக்கிறது:
தீப்பெட்டி அளவுப் பலகைக்குள் போகவேண்டிய
முந்நூறு மெகாபைட் லினக்ஸ்.
ஏழாம் கூண்டுச் சால்மன்களுக்குத்
தீனி கூடிப்போகிறதாம். குறைக்க வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

இமேஜைத் தன் கணினியில்
ஒரு வெற்று ஃபோல்டரின்மேல் பொருத்தினாள்.
வீட்டுக்குள் வீடு.
உள்வீட்டில் தீனி என்றொரு பெயர்;
கோப்பு அன்று, சுட்டி.
(சுட்டி என்றால் சுட்டித்தனமும் செய்யும்;
இது தமிழுக்கு மட்டும் தெரிந்த சேதி,
ரன்வாவுக்கு யார் சொல்ல?)
அதன் வயிற்றில் ஒரே வரி:
வேரிலிருந்து தொடங்கு,
தரவு அறைக்குப் போ,
அங்கே ஒரு தாள்.
வரியின் தொடக்கத்தில்
காற்றுக்குச் சாய்ந்த பாய்மரமாய் ஒரு கோடு.
அதுதான் வேர்.

போனாள். தாள் இருந்தது.
நூற்றுப்பத்தை எண்பதாக்கிச் சேமித்தாள்.
சந்தேகப் பிராணி; மறுபடி திறந்தும் பார்த்தாள்.
எண்பது.
இமேஜைக் கழற்றி, அட்டையில் எழுதி,
எய்வின்ட் கையில் கொடுத்தாள்.
அவன் படகெடுத்துப் போனான்.

எட்டேகாலுக்குப் போன்.
"நூற்றுப்பத்துதான் கொட்டுகிறது."
"எண்பது. என் கண்ணால் பார்த்தேன்."
"உன் கண் கரையில் இருக்கிறது, ரன்வா.
நான் கூண்டோரம் நனைந்துகொண்டிருக்கிறேன்."

ஆறிப்போன காப்பியோடு
ஒவ்வொரு படியாக இறங்கித் தேடினாள்.
அவள் கணினிக்கும் ஒரு வேர் உண்டு,
அதற்கும் ஒரு தரவு அறை,
அதில் போன கோடையில்
சோதனைக்கென்று அவளே வைத்து மறந்த தாள்.
எண்பது அங்கே உட்கார்ந்திருந்தது,
ஒரு மீனும் இல்லாத வீட்டில்.

சுட்டி பொய் சொல்லவில்லை.
வேர் என்றது.
யார் வேர் என்று அதைக் கேட்டவர் இல்லை.
பலகையில் ஓடும்போது பலகையின் வேர்,
இங்கே படித்தால் இங்கத்திய வேர்.
முழு முகவரி என்று பெயர்தான் பெரிது;
வந்து கேட்பவரின் மண்ணை நம்பி
வாழ்கிறது அது.

அழித்தாள். புதிதாக எழுதினாள்:
இரண்டு புள்ளி, பிறகு கோடு.
நான் இருக்கும் இடத்திலிருந்து
ஒரு படி ஏறு, பக்கத்து அறைதான் தரவு.
வீட்டையே பெயர்த்து
எந்த வீட்டுக்குள் வைத்தாலும்
பக்கத்து அறை பக்கத்து அறையே.

இதையும் தலையில் தூக்கிவைத்து
ஆட அவள் தயாரில்லை.
போன வருடம் ஹோக்னி
இப்படி ஒரு சுட்டியை மட்டும் பிடுங்கி
இன்னும் ஆழமான ஃபோல்டரில் நட்டான்.
ஒரு படி ஏறியது, சுவரில் முட்டியது,
பண்ணை மூன்று மணி நேரம் பட்டினி.
அன்று ஹோக்னிக்குக் கிடைத்த வசவில்
பாதியை இன்றிரவு
தனக்கே சொல்லிக்கொண்டாள்.

பத்தரைக்கு எய்வின்ட் குறுஞ்செய்தி: எண்பது.
கூடவே ஒரு மங்கலான படம்.
கூண்டுக்கு வெளியே, கறுத்த நீரில்,
கொட்டிய உபரித் தீனிக்கு மொய்த்த காட்டு மீன்கள்.
வேரும் தெரியாது, தாளும் தெரியாது.
அவற்றுக்கு ஒரே வழி:
கூண்டிலிருந்து
கொஞ்சம் கீழே.