வெயிட்டிங் சார்ஜ்

மாஹிம் முதல் கொலாபா வரை
எந்தக் கட்டணக் கழிப்பறை எப்போது பூட்டும், தெரியும்.
சவாரி ஏறியதும் அதைத்தான் முதலில் கணக்கிடுவேன்.

ரத்தத்தில் ஒன்பது புள்ளி மூன்று.
வண்டி சிக்னலில் நிற்கையிலும்
மீட்டர் ஏறியிருக்கிறது.

பரேலில் ஊசியால் பன்னிரண்டு துணுக்கு எடுத்தார்கள்.
இரண்டில் இருந்தது.
"மெதுவான ரகம். வெட்டலாம், கதிர் வைக்கலாம்,
எண்ணைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டவும் செய்யலாம்."
வெட்டினால் கசியலாம் என்றார். படுக்கையைப் பற்றியும் சொன்னார்.
சுலோச்சனா நாள்காட்டியைப் பார்த்தாள்.

அப்பா கடைசிவரை முதுகுவலி என்றார்.
தைலம் தேய்த்தோம்.

இரவு பாண்டுப்பில் தம்பிக்குப் போன் போட்டேன்.
"நாப்பத்தெட்டு ஆச்சுல்ல, ரத்தம் குடுத்துப் பாருடா."
"எதுக்கு?"
ஒண்ணுக்குப் போவதைப் பற்றி
அரைமணி பேசினோம்.
மனைவிக்குக் கேட்காமலிருக்க
அவன் குழாயைத் திறந்துவிட்டிருந்தான்.