மூன்றும் ஏழும்

கித்ஃபாவில் கடலைக் குடிநீராக்கும் ஆலை
கடலை உறிஞ்சும் வாய் ஒன்பது மீட்டர் ஆழத்தில்.
அதன் வலையைச் சுரண்டுவது என் வேலை.
சிப்பி, பாசி, பிளாஸ்டிக் பை,
ஒருமுறை ஒரு குழந்தையின் இடது செருப்பு.

நாற்பது நிமிடக் காற்று.
முப்பதில் முடித்தால் மிச்சம் பத்து எனக்கு.
படகில் கயிறு பிடித்திருக்கும் ருவான்
எங்கே போனாய் என்று கேட்பதில்லை.

சுண்டுவிரல் நகத்தளவு.
கடலட்டை இல்லை, அது வேறு, அதற்கு விலையுண்டு.
இது ஓட்டைக் கழற்றி எறிந்த நத்தை.
ஓட்டுக்குப் பதிலாக நிறம் போட்டுக்கொண்டு
பட்டப்பகலில் பாறைமேல் அலைகிறது;
கடித்தால் கசப்பேன் என்பதைத்தான்
இத்தனை அழகாகச் சொல்கிறது.

டியூட்டி டயரியின் பின்பக்கத்தில் எண் போட்டு வைத்தேன்.
மூன்று: பால் உடம்பு, மஞ்சள் பொட்டு, ஊதாக் கரை.
ஏழு: பொட்டெல்லாம் பெருத்துக் கலந்து
சாம்பார் கொட்டிய வேட்டி.
பன்னிரண்டு: பொட்டே இல்லை.
இருபத்துமூன்று வரை போனது.
இருபத்துமூன்று இனம் என்று அறையில் பீற்றிக்கொண்டேன்.
ஷாஜி கேட்டான், தின்னலாமா?

சுற்றுச்சூழல் பிரிவு முனீராவுக்குப் படங்களை அனுப்பினேன்.
ஹிந்தியும் அரபியும் பிசைந்து
இரண்டு நிமிடக் குரல் வந்தது:
நிறத்தை நம்பாதே.
சிலதுக்கு அது தின்ற கடற்பஞ்சு கொடுத்தது,
சிலதுக்கு வயது கொடுத்தது.
தலையில் இரண்டு கொம்பு இருக்கும், அதன் மடிப்பை எண்ணு.
முதுகில் பூப்போல் செவுள், இதழை எண்ணு.
ஓரத்துக் கோடுகளை
வெளியிலிருந்து உள்ளே எண்ணு,
உள்ளிருந்து வெளியே எண்ணாதே.

எண்ணினேன்.
நீரோட்டத்தில் பாறையை ஒரு கையால் பிடித்து
அரிசியளவு செவுளின் இதழ்களை எண்ணுகிறவன்
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் மூச்சு விடுவான்,
குமிழியில் செவுள் சுருங்கி உள்ளே போய்விடும்.
மறுபடி ஒன்று.

கேட்டில் புதிய காவலாளி
மூன்று அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு
மூன்று பேரும் மலபாரியா என்றான்.
ருவான் நீர்கொழும்பு, ஷாஜி கொல்லம்,
நான் தருவைக்குளம்.
ஆமாம் என்றோம். வெயில் நாற்பத்தாறு.

செவ்வலை வந்து ஆலை பத்து நாள் நின்றது.
தண்ணீர் தெளிந்து முதல் முறை இறங்கியபோது
வலைக்குப் பின்னால், குழாயின் நிழலில்,
மூன்றும் ஏழும்.
வலப்பக்கத்தோடு வலப்பக்கம் ஒட்டி
ஒன்று கரையைப் பார்த்து, ஒன்று கடலைப் பார்த்து.
இரண்டும் ஆண், இரண்டும் பெண்,
கொடுப்பது யார் பெறுவது யார் என்ற கேள்வியே இல்லை.
என் எண்கள் அவற்றுக்குத் தெரியவில்லை.

மேலிருந்து கயிறு இரண்டு முறை இழுபட்டது.
பிறகு நான்கு முறை.

அன்றிரவு ஏழை அடித்தேன்.
பன்னிரண்டையும், பதினேழையும்.
விடிவதற்குள் இருபத்துமூன்று பதினான்கானது.
கடன் அடைத்த மாதிரியும் இருந்தது,
யாரோ பெட்டியைத் திருடிய மாதிரியும்.

முனீரா அதற்கும் ஒன்று வைத்திருந்தாள்:
உன் பதினொன்று,
தினம் பார்க்கிறாயே, சாதாரண நீலம்,
அது ஒன்றில்லை, இரண்டாக இருக்கலாம்.
வெளியே எந்த வித்தியாசமும் தெரியாது.
பாதத்தில் ஒரு துணுக்கு வெட்டிச்
சாராயத்தில் போட்டுக் கொண்டுவா.

குப்பி கொடுத்தாள். மூடியில் எழுதக் காகிதமும்.
மூன்று முறை கொண்டுபோனேன்.
மூன்று முறையும் பதினொன்று
கொம்பை நீட்டி என் கையுறையை முகர்ந்தது,
என்னை ஏதோ ஓர் இனத்தில் சேர்த்துவிட்டு
திரும்பி நடந்தது.

குப்பி இப்போது பல்துலக்கி பக்கத்தில் நிற்கிறது.
ஷாஜி அதில் உப்பு போட்டு வைக்கலாமா என்கிறான்.
டயரியில் பதினொன்றுக்கு எதிரே
ஒரு கேள்விக்குறி, சற்றுத் தள்ளி இன்னொன்று.

ருவானின் பதிவேட்டில்
நீருக்கடியில் நேரம்: நாற்பத்துமூன்று நிமிடம்.
தாமதக் காரணம்: வலையில் அடைப்பு.