நாலாம் பாகம் கேட்காதீர்கள்

தலவாக்கலை ஸ்டாண்டில்
மூன்றாவதாக நிற்கும் ஓட்டோ என்னுடையது.
பின்சீட்டைத் தூக்கினால்
ஸ்பெயார் டயருக்கு மேலே, உரப்பைக்குள்,
நாற்பத்தொரு கொமிக்ஸ்.
வாடகை கிடையாது. பெயர் எழுதுவதும் இல்லை.
ஒரே சட்டம்:
அட்டையைப் பின்னால் மடித்து வாசிக்கக் கூடாது.

முதலில் உங்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.
லிந்துலை வளைவுகளில் கம்பியை இறுக்குபவரா,
மீதி இருபது ரூபாயைக் கேட்டு வாங்குபவரா,
கண்ணாடியில் என் கண்ணைத் தேடுபவரா.
அதைப் பார்த்துத்தான் தருவேன்.

துப்பறியும் கதை கேட்டார்
வங்கிக் காவலாளி செபமாலை.
நான் கொடுத்தது சமையல் மங்கா.
ஒரு பையன், ஒரு நூடில்ஸ் கடை,
இருநூறு பக்கமும் ஒரே சூப்புக்கு உப்புப் பார்க்கிறான்.
"இதில யாரப்பா கொலைகாரன்?" என்று முறைத்தார்.
வியாழக்கிழமை அவராகவே வந்தார்:
"முட்டைய ஆறு நிமிஷம்தான் அவிக்கணுமாம்,
தெரியுமா ஒனக்கு?"

மங்கா கடைசிப் பக்கத்தில் தொடங்கும்.
பயப்படாதீர்கள்.
பதுளை ரயிலில்
எஞ்சினுக்கு முதுகு காட்டி உட்கார்வது மாதிரி.
நானுஓயா கடந்த பிறகுதான் நானுஓயா தெரியும்.
இரண்டு ஸ்டேஷனில் பழகிவிடும்.

இங்கிலீஷ் வராதா? எனக்கும் அரைகுறைதான்.
நல்ல பக்கங்களில் யாரும் பேச மாட்டார்கள்.
ஓரத்தில் மட்டும்
கோணல்மாணலாக ஜப்பான் எழுத்து பெரிதாக நிற்கும்.
அது சத்தம்.
என்ன சத்தம் என்று எழுதியவருக்குத்தான் வெளிச்சம்.
ஒரு பக்கத்தில் நான்
தகரத்தில் விழும் மழை என்று வாசித்தேன்.
கார்மண்ட்ஸுக்குப் போகும் சுபோஜினி,
நாற்பது மெஷின் ஒரே நேரத்தில் நின்ற சத்தம் என்றாள்.
பிறகு அந்தப் பக்கத்தில்
எனக்கு மழை பெய்யவே இல்லை.

பச்சை அட்டை ஒன்று உண்டு. அதில் நாய் சாகும்.
சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன்.
நாய் சாவதைச் சொல்லாமல் கொடுப்பவன்
பிரேக் இல்லாத வண்டியை விற்பவன்.

இனித்தான் நான் சொல்ல வந்தது.
கலங்கரை விளக்கத்தில் தனியாக இருப்பவளின் கதை.
ஐந்து பாகம்.
அணைக்கட்டுத் தண்ணீரை மட்டும் பார்த்து வளர்ந்தவன் நான்,
எனக்கே உதட்டில் உப்புக் கரித்தது.
மூன்றாம் பாக முடிவில் அவள் விளக்கை அணைக்கிறாள்.
ஐந்தில் விளக்கு எரிகிறது,
மடியில் ஒரு குழந்தை,
இடது கையில் இரண்டு விரல் இல்லை.
நாலாம் பாகம்
கண்டியில் கட்டாக வாங்கியபோதே இல்லை.

வாசித்தவர்கள் சும்மா இருந்தார்களா?
கப்பல் கவிழ்ந்தது, குழந்தை அதில் வந்தது
என்கிறார் செபமாலை. விரலைக் கேட்டால் இருமுகிறார்.
ஓ.எல். எழுதிவிட்டு நிற்கும் ரிஃப்கான்
விரலை அவளே வெட்டினாள் என்கிறான்.
ஏன்டா?
"வடிவா வாசிங்க, அண்ணே."

சுபோஜினி ஒரு மழைநாளில்
அக்கரப்பத்தனை வரைக்கும் நாலாம் பாகம் சொன்னாள்.
கட்டம் கட்டமாக.
"இதுல ஒண்ணுமில்ல, வெறும் கறுப்பு" என்று
ஒரு கட்டத்துக்கு
ஹோல்புறூக் சந்தி தாண்டும்வரை பேசாமல் இருந்தாள்.
நான் வைப்பரைக்கூட நிறுத்திவிட்டேன்.
அவள் இறங்கிப் போன பிறகுதான்
காசு வாங்காதது ஞாபகம் வந்தது.

போன மாதம் கொழும்பு பஸ்ஸில் ஒரு பார்சல்.
எப்போதோ சவாரி வந்த பல் டொக்டர்
சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்.
நாலாம் பாகம்.
வண்டியை ஓரங்கட்டி, பிளேன்டி ஆறஆற வாசித்தேன்.

நல்ல பாகம்தான், பொய் சொல்லக் கூடாது.
குழந்தைக்குக் காரணம் இருக்கிறது,
விரலுக்கும் இருக்கிறது.
ஆனால் முழுக்கப் புரட்டியும்
வெறும் கறுப்பாக ஒரு கட்டம்கூட இல்லை.

அது இப்போது இன்ஷூரன்ஸ் கடதாசியோடு
முன்னால் பூட்டிக் கிடக்கிறது.
உரப்பையில் இன்னமும் நாற்பத்தொன்றுதான்.

ஆகவே ஒன்று, இரண்டு, மூன்று வாசியுங்கள்.
ஐந்தைக் கேட்டு வாருங்கள், தருகிறேன்.
இடையில் உள்ளது வேண்டுமானால்
திங்கட்கிழமை ஆறேகாலுக்கு
அக்கரப்பத்தனைக்கு ஒரு சவாரி இருக்கிறது.
பின்சீட்டில் ஓர் ஆளுக்கு இடமுண்டு.
குடை நனைந்திருந்தால் வெளியே உதறிவிட்டு ஏறுங்கள்,
சீட்டுக்குக் கீழே புத்தகம்.