கட்டுப்பாட்டுக் குழு, இலக்கம் பதினேழு

ட்ரூப் கிராமத்துக்கு மேலே,
மஞ்சள் பேருந்து திரும்பிப் போகிற வளைவுக்கும் அப்பால்
ரொஸ்மரி பன்க்ஹவுசரின் கொட்டிலில்
இருபத்துநான்கு வெள்ளாட்டுக் குட்டிகள்.
பன்னிரண்டுக்குத் தாதுப்பொடி கலந்த தவிடு.
பன்னிரண்டுக்கு வெறும் தவிடு.
சீட்டுக் குலுக்கித்தான் பிரித்தோம்.
குலுக்கியது என் கை.

இந்தச் சரிவின் மண்ணில் செலினியம் போதாது.
பச்சைக்குக் குறைவில்லை, கண் கூசும்.
வயிறு புடைக்கத் தின்ற குட்டி
ஒரு காலையில் பின்னங்கால் மடங்கி
எழும்ப மாட்டாமல் கிடக்கும்.
அறுத்துப் பார்த்தால் தசை
அவித்த மீன்போல வெளுத்திருக்கும்.

குட்டியை முழங்கால்களுக்கிடையே இடுக்கி
ரொஸ்மரி தாடையை உயர்த்திப் பிடிப்பாள்.
கழுத்துப் பள்ளத்தில் பெருவிரல் அழுத்தினால்
நாளம் மெல்லத் தலைதூக்கும்.
ஐந்து மில்லிலீற்றர்.
சிவப்பு மூடி, பச்சை மூடி, பஞ்சு. அடுத்தது.

பதினேழு மட்டும் விட்டதும் ஓடாது.
நின்று என் மணிக்கட்டை நக்கும்.
வியர்வை உப்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றார்கள்;
உப்பு மறுத்தவரை
எவ்வளவு காலம் நினைப்பதென்று
எவரும் சொல்லி வைக்கவில்லை.

பேர்னில், ஆய்வுகூடத்தின் நிலக்கீழ்த் தளத்தில்
பதினைந்து நிமிடம் சுழன்று நின்ற குழாய்களில்
மேலே வைக்கோல் நிறத் தெளிவு,
கீழே கட்டியான சிவப்பு.
செம்பு, துத்தநாகம், பொசுபரசு, செலினியம்:
ஒரு மலையை
இரத்தத்துக்குள் தோண்டிப் பார்க்கிற வேலை.

நாற்பத்திரண்டாம் நாள்.
பொடி தின்றவை: தொண்ணூறு, நூற்றிரண்டு, தொண்ணூற்றாறு.
தின்னாதவை: முப்பத்தெட்டு, முப்பத்தொன்று, நாற்பது.
பதினேழு: தொண்ணூற்றெட்டு.

மறுபடி ஓட்டினேன். தொண்ணூற்றேழு.
ஒட்டுத்தாள் மாறியிருக்குமோ? மாறவில்லை.
முனைவர் லூதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"நீக்கிவிடுங்கள்" என்றார்,
கோப்பையிலிருந்து தேயிலைப் பையை எடுக்கச் சொல்வதுபோல.

ரொஸ்மரிக்குப் போன் எடுத்தேன்.
கொஞ்ச நேரம் ஆட்டு மணிதான் பேசியது.
பிறகு சொன்னாள்:
தடுப்பில் மூன்றாம் பலகை ஏப்ரலிலேயே ஆணி கழன்றுவிட்டது.
இரவில் ஒன்று அந்தப் பக்கம் போகும்,
விடியுமுன் வந்து தன் இடத்தில் படுத்துக்கொள்ளும்.
"அடித்துவிடலாம் என்றுதான் சுத்தியலை எடுப்பேன்.
அது என்னைப் பார்க்கும்."

இருபத்துமூன்று நேற்றிலிருந்து எழும்பவில்லை என்பதையும்
அதே மூச்சில் சொன்னாள்.

நான் நீக்கவில்லை.
குறிப்புப் பத்தியில் எழுதினேன்:
மூன்றாம் பலகை. குட்டி தானே போய்த் தின்றது.

மறுநாள் சோதனை இல்லை; இனி எல்லாவற்றுக்கும் பொடி.
பையைத் தோளில் போட்டு மேலே ஏறினேன்.
ஊசி போட்டிருந்தும் இருபத்துமூன்று
முன்னங்கால்களில் மட்டும் நின்றது,
பின்பாதி இன்னும் வைக்கோலில்.
குந்தியிருந்து உள்ளங்கையை நீட்டினேன்.
முகர்ந்தது. தும்மியது.
பொடி என் சட்டையெல்லாம்.

பதினேழு வந்து
சட்டையை நக்கத் தொடங்கியது.