நாலு நிமிடம்

பஹாவ் ஆலை எடைமேடையில்
செம்பனை லோரிகளை நிறுக்கிறேன்.

முதலில் வாயில் பழைய சில்லறை ருசி.
பிறகு நான் இல்லை.
திரும்பி வரும்போது
கடிபட்ட நாக்கு, நனைந்த சிலுவார்,
உள்ளங்கையில் யாருடையதோ சாவிக்கொத்து.

சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தந்த கடிதம்
மோட்டார் இருக்கைக்கடியில்
எட்டு மாதமாய் எண்ணெய் குடிக்கிறது.
நோயின் பெயர் ஏட்டில் ஏறினால்
லைசென்ஸ் போகும்.
ஆலை ஆறு கட்டை தூரம்.

நேற்று சாவி இல்லை.
ரஃபீக் என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து
தன் தொப்பியைத் தலைக்கடியில் செருகியிருந்தான்.
எடைச் சீட்டின் பின்புறம் அவன் எழுத்து:
2.17
2.21

பதினோரு வருடத்தில்
யாரும் நிறுத்துச் சொல்லாத
என் பாரம்.

சீட்டைக் கடிதத்தோடு மடித்தேன்.
சிரம்பான் பஸ் ஆறே முக்காலுக்கு.
அலாரம் வைத்தேன்.
அணைத்தேன்.
இப்போது மணி மூன்று,
மறுபடி வைக்கிறேன்.