லெயோன்

குருமடத்தில் இரண்டு வருடம் கிரேக்கம் படித்து
வெளியேறியவன்; இப்போது முட்டத்தில்
ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதுகிறேன்.

பெயர் லெயோன் என்றார்.
"சிங்கமெண்ணு அர்த்தம், கேட்டியளா."

தெரியும். தடித்த அகராதியில்
அந்தச் சொல் நெடுநேரம் இறங்கும்:
ஆவணி வானத்து விண்மீன்கள், ஏதோ ஓர் ஆட்டம்,
கடலுக்குள் நீண்ட பாறைமுனை,
நண்டுகூட.

நண்டுதான் கடித்ததாம்.
வலை பிரிக்கையில் விரலில் தொங்கியதைப்
பெண்டாட்டி பார்த்துக் கத்தினாளாம்.
இவருக்குத் தெரியவே இல்லை.

புருவம் பாதி இல்லை.
நெற்றி மேடுமேடாய்.

பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்
இன்னொரு பொருளும் உண்டு,
முகத்தைச் சிங்கமாக்குவது.
சொல்லவில்லை.
"மாத்திரை இருக்கு, மாறும்" என்றேன்.

போகும்போது மேசையில் எதையோ வைத்தார்.
வாழைநாரில் கொடுக்குக் கட்டிய நண்டு
அவர் சீட்டின்மேல்
பக்கவாட்டில் நகர்ந்தது.